சூப் கேட்டான், வாளி வாங்கிக்கொண்டான்

அத்தியாயம் 3

வியாழக்கிழமை காலை ஒன்பதரைக்கு ஓஸ்டர்ஹாவன் பல்கலைக்கழகத்தின் மொழியமைப்புத் துறை, பன்னிரண்டாம் எண் அறையில் இருந்தவர்கள்:

நீன்கே வியர்ஸ்மா, வயது முப்பத்தொன்று. மதியம் இரண்டு மணிக்கு டாக்டர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு. அழுது முடித்திருந்தாள். மூக்கு மட்டும் இன்னும் சிவப்பு.

பேராசிரியர் டௌவே ஹில்கெமா, அவளுடைய நெறியாளர். தீவு மொழிக்கு இலக்கணம் எழுதியவர். முப்பது வருஷமாக எல்லோரும் அந்தப் புத்தகத்தைத்தான் மேற்கோள் காட்டுகிறார்கள்.

பேராசிரியர் பிர்க்கெல், ஆஸ்திரியாவிலிருந்து வந்த தேர்வாளர். நீன்கேயின் வாக்கியங்கள் எல்லாம் கட்டுக்கதை என்று பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதியவர்.

டாக்டர் ஐரா கொஸ்கெலா, பின்லாந்துத் தேர்வாளர். பின்லாந்துக்காரர்கள் பேச மாட்டார்கள் என்று சொன்னவன் இவரைப் பார்த்ததில்லை.

ஒரு காபி இயந்திரம். வேலை செய்யவில்லை.

ட்ரைன் ஹோக்ஸ்மா, துப்பறிபவர், என் முதலாளி.

நான், வோபே. இதே கட்டடத்தில் ஒன்றரை வருஷம் படித்து, போதும் என்று சீஸ் கிடங்கில் இரவுக் காவலுக்குப் போய், அதையும் விட்டுவிட்டு இவரிடம் வந்தவன்.

இருந்திருக்க வேண்டியது, இல்லாதது: ஒரு நீலத் தகரப் பெட்டி.

மழையில் நனைந்து உள்ளே போனதும் ஹில்கெமாதான் முதலில் பேசினார். நல்ல மனிதர். தரை நனையக் கூடாது என்ற கவலை அவருக்கு.

"குடை சொட்டுதே தம்பி. பக்கத்து அறை என்னுது. கதவுக்குப் பின்னாடி வாளி இருக்கு, அதுல வெச்சுட்டு வாங்க."

வைத்துவிட்டு வந்தேன். அதற்குள் ட்ரைன் ஒரு நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"பெட்டியில என்ன இருந்தது?"

"நானூத்திப் பன்னெண்டு அட்டை," என்றாள் நீன்கே. "ஒவ்வொண்ணுலயும் ஒரு வாக்கியம். தீவுல இப்படிப் பேசுவாங்களா, மாட்டாங்களான்னு ஏல்கே அம்மா தன் கையால சரி, தப்பு போட்டு, கையெழுத்தும் போட்டுக் குடுத்தது."

"யாரு அது?"

"தீவுக்காரங்க. ரைகர் படகுல சமையல். ஆறு வருஷமா எனக்கு வாக்கியம் சொல்றவங்க அவங்கதான்."

"நகல் இல்லையா?"

"கம்ப்யூட்டர்ல இருக்கு. ஆனா தட்டச்சு பண்ணினதை யார் வேணாலும் தட்டச்சு பண்ணலாம்னு இவர் எழுதிட்டார்." பிர்க்கெலைப் பார்க்காமலே கையை நீட்டினாள். "மூல அட்டைங்க இன்னைக்கு மேஜைக்கு வரலைன்னா பட்டம் கிடையாதுன்னு குழு சொல்லிடுச்சு. பட்டம் இல்லைன்னா திங்கக்கிழமை ட்ரொம்ஸோவுல சேர வேண்டிய வேலையும் போச்சு. வீட்டைக் காலி பண்ணிட்டேன் மேடம். என் பூனைகூட அங்க போய்ச் சேர்ந்துடுச்சு."

"பூனைக்கு வேலை கிடைச்சிருச்சா?" என்றேன்.

ட்ரைன் என் காலை மிதித்தார்.

பெட்டி இருந்த அலமாரிக்கு இரண்டு சாவிகள். ஒன்று நீன்கேயிடம். மற்றது ஹில்கெமாவின் மேஜைமேல் திறந்த கிண்ணத்தில், மாத்திரைகளோடும் பொத்தான்களோடும் கிடக்கும். நேற்று மாலை ஐந்து மணிக்குப் பெட்டி அலமாரியில் இருந்தது. இன்று ஒன்பது மணிக்குத் திறந்தபோது இல்லை. நேற்று ஐந்தே கால் வரை ஹில்கெமாவின் அறையில் உட்கார்ந்து தேநீர் குடித்தவர் பிர்க்கெல்.

"நேத்து சாயங்காலம் எங்க இருந்தீங்க?" என்று அவரைக் கேட்டார் ட்ரைன்.

பிர்க்கெல் எழுந்து நின்றார். "நான் நேற்று மாலை, மழை சற்றே விட்டிருந்த அந்தச் சொற்ப நேரத்தில், கடலணைமீது, தன்னந்தனியாக, என் மனைவி வாங்கித் தந்த புதிய காலணிகளோடு..."

தும்மல் வந்தது. கைக்குட்டையைத் தேடினார். நாங்கள் வினைக்காகக் காத்திருந்தோம். நடந்திருக்கலாம், விழுந்திருக்கலாம், திருடியிருக்கலாம். அந்த ஒரு சொல் வரும்வரைக்கும் அவர் நிரபராதியும் இல்லை, குற்றவாளியும் இல்லை.

"...நடந்தேன்," என்றார்.

"ஐரிஷ்காரனா இருந்தா முதல்லயே சொல்லியிருப்பான்," என்றார் ஐரா உற்சாகமாக. "அவங்களுக்கு வினைதான் முதல்ல. நடந்தேன்னு ஆரம்பிச்சுட்டு, யாரு, எங்கன்னு பொறுமையாச் சொல்லலாம். ஆயுசு மிச்சம்!"

"நீங்க எங்க இருந்தீங்க டாக்டர்?"

"ஆஹா, இப்ப நீங்க கேட்ட கேள்வியில 'எங்க'ன்ற சொல்லைப் பாருங்க. நீங்க அதை நடுவுல வெச்சீங்க. இங்கிலீஷ்காரன் தூக்கி முன்னால போடுவான். ஆனா சீனாக்காரன்..."

"டாக்டர்."

"நீச்சல் குளத்துல."

"அதுல ஆரம்பிச்சிருக்கலாம்," என்றேன். "ஐரிஷ்காரன் மாதிரி."

ஹில்கெமாவிடம் கேட்டபோது சுருக்கமாகப் பதில் வந்தது. "வீட்டுல. வயிறு சரியில்லை." அவர் முகத்தைப் பார்த்தால் பொய் என்று தோன்றவில்லை.

"ஏல்கே அம்மாவை இப்பவே வரவழைச்சு, இன்னொரு தடவை எழுதி வாங்கினா?"

"நானூத்திப் பன்னெண்டா?" என்றாள் நீன்கே. "அவங்க ஒன்பது மணிப் படகுல இருக்காங்க. நடுக்கடல்ல போன் எடுக்காது. பன்னெண்டு அம்பதுக்குத்தான் திரும்பக் கரை. என் பட்ட விழாவுக்கு வர்றேன்னு சொல்லியிருக்காங்க, பாவம், புதுக் கோட்டெல்லாம் வாங்கி... இன்னைக்கு எட்டரைக்குக்கூட சமையலறையில இருந்து போன்ல வாக்கியம் சொன்னாங்க. வியாழக்கிழமைன்னா எப்பவும் உண்டு. நாங்க எல்லாரும் இங்க உக்காந்து கேட்டோம்."

"அதுல மூணாவது அபாரம்," என்றார் பிர்க்கெல், சட்டென்று முகம் மலர்ந்து.

"மூணாவதா? ஏழாவது!" என்றார் ஐரா.

"மூணாவதுல 'ஆனா' எங்க நிக்குது பாத்தீங்களா? என் புத்தகத்துல சொன்ன அதே இடம்," என்றார் ஹில்கெமா. தன் நோட்டை எடுத்துக் காட்டினார். அந்த வாக்கியத்தை எழுதி, அதன்மேல் கிளை கிளையாக மரம் வரைந்திருந்தார். அழகாகவே இருந்தது.

பெட்டி போனது, பட்டம் போகப்போவது, பூனை ட்ரொம்ஸோவில் காத்திருப்பது எல்லாவற்றையும் மறந்து நான்கு பேரும் கத்த ஆரம்பித்தார்கள். நீன்கேயும்தான். ட்ரைன் இரண்டு முறை மேஜையைத் தட்டிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

எனக்கு வேறு வேலை இல்லை. சுவரில் வெள்ளைப் பலகை இருந்தது. அதில் நீன்கேயின் கையெழுத்தில் காலை எழுதிய ஏழு வாக்கியங்கள். அடியில் சிவப்புக் கோடுகள், அம்புகள், வட்டங்கள். கோடுகளை ஒதுக்கிவிட்டுப் படித்தேன். பிறகு இன்னொரு முறை படித்தேன்.

"மேடம்," என்றேன். "இதைப் படிச்சீங்களா?"

"எனக்கு இலக்கணம் ஆகாதுடா."

"இலக்கணமாப் படிக்காதீங்க. பேப்பர்ல செய்தி படிக்கிற மாதிரி படிங்க."

ட்ரைன் கண்ணாடியை மாட்டினார். பலகையில் இருந்தது இதுதான்:

1. ஒரு ஆள் நேத்து நீலப் பெட்டியோட ஆறு மணிப் படகுல ஏறினான்.
2. அவன் முகம் பட்டாணி சூப் மாதிரி பச்சையா இருந்தது.
3. சூப் கேட்டான், ஆனா வாளி வாங்கிக்கிட்டான்.
4. பெட்டி உருளைக்கிழங்கு மூட்டைக்குப் பின்னால இருக்கு.
5. வாளி இன்னும் திரும்பி வரலை.
6. வாளி இல்லாம நான் எதுல பாத்திரம் கழுவறது?
7. யாராவது அந்த ஆளைத் தேடிப் பிடிங்க.

ட்ரைன் கண்ணாடியைக் கழற்றினார். எழுந்து போய்ப் பலகை முன்னால் நின்றார். அறை மெல்ல அடங்கியது.

"நீன்கே," என்றார். "இது யாரு எழுதினது?"

"நான்தான். இயக்கத்துக்கு ஒண்ணு, குணத்துக்கு ஒண்ணு, 'ஆனா' போட்டு ஒண்ணு, இடம், எதிர்மறை, கேள்வி, ஏவல். வரிசையாக் கேட்டேன். சொன்னாங்க. ஏல்கே அம்மாவுக்குக் கற்பனை வராது மேடம். வாக்கியம் கேட்டா முந்தின நாள் பாத்ததைத்தான் சொல்வாங்க. போன மாசம் பூரா ஒரு கடல்நாய் பத்தி..."

பேச்சை நிறுத்தினாள். உதடு அசைய முதல் வாக்கியத்தைப் படித்தாள். நான்காவதைப் படித்தாள். கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என் பெட்டி."

"உன் பெட்டிதான்."

"என் கையால எழுதியிருக்கேன்."

"அடிக்கோடும் போட்டிருக்கே," என்றேன்.

"ஏழாவது ஏவல்னுதான்..." என்று முனகினார் ஐரா. "அரை மணி நேரம் பேசினோமே. அந்தம்மா நம்மளத்தான் ஏவினாங்களா?"

ஒன்பது மணிவரை பெட்டி காணாமல் போனது யாருக்கும் தெரியாது, சரி. அதற்கப்புறமும் அரை மணி நேரம் இந்தப் பலகைக்கு முன்னால் நின்றுதான் பெட்டி எங்கே, பெட்டி எங்கே என்று கைகளைப் பிசைந்திருக்கிறார்கள். இந்தக் கட்டடத்தில் வாக்கியம் என்பது பிரித்துப் பார்க்கிற பொருள். அது எதையாவது சொல்லும் என்று ஒருவருக்கும் தோன்றுவதில்லை. நான் ஏன் படிப்பை விட்டேன் என்று அப்பா கேட்டால் காட்டுவதற்கு அந்தப் பலகையைப் போட்டோ எடுத்துக்கொண்டேன்.

"பச்சை முகம்," என்றார் ட்ரைன். "கடல் பழகாத ஆளு."

எல்லாத் தலைகளும் பிர்க்கெல் பக்கம் திரும்பின.

"ஆஸ்திரியாவுல கடலே கிடையாது," என்றார் ஐரா, வருத்தத்தோடு.

"நான் கடலணைமீது, என் புதிய காலணிகளோடு..."

"தெரியும் தெரியும், நடந்தீங்க."

"பாவம், விடுங்க," என்றார் ஹில்கெமா மெதுவாக. "கடல் எல்லாருக்கும் ஒத்துக்காது. முப்பது வருஷமாத் தீவுக்குப் போய் வர்றவன் நான். எனக்குப் பழகிப்போச்சு. புதுசா வர்றவருக்குக் கஷ்டம்தான்."

ட்ரைன் என்னைப் பார்த்தார். "வோபே, இவர் தங்கியிருக்கிற ஓட்டலுக்கு ஓடு. அறையில ஒரு வாளி இருக்கான்னு பாரு. வாளி இருந்தா ஆளு கிடைச்சாரு."

"என் அறையில் வாளி கிடையாது!" என்று பிர்க்கெல் கத்தினார். ஆத்திரத்திலும் வினையைக் கடைசியில்தான் போட்டார், பாவம்.

வெளியே மழை வலுத்திருந்தது. பக்கத்து அறைக்குப் போய் என் குடையை உருவினேன். தண்ணீர் சொட்டிக்கொண்டே வந்தது. கூடவே வாளியும் சாய்ந்தது. பிடித்து நிமிர்த்தினேன். சிவப்புப் பூச்சு பூசிய இரும்பு வாளி. பக்கவாட்டில் வெள்ளை எழுத்து.

ரைகர். சமையலறை.

அந்த வாளி நேற்று எதற்குப் பயன்பட்டிருக்கும் என்று தோன்றியதும், கையைக் கழுவவா, குடையைக் கழுவவா என்று யோசித்தேன். பிறகு கதவிடுக்கில் தலையை நீட்டி ட்ரைனை வெளியே கூப்பிட்டேன்.

"ஓட்டலுக்குப் போகலையா?"

"போக வேண்டாம். நம்ம குடை எதுல இருந்ததுன்னு பாருங்க."

பார்த்தார். குனிந்து வெள்ளை எழுத்தைப் படித்தார்.

"முப்பது வருஷமாத் தீவுக்குப் போய் வர்றவர்," என்றார்.

"போய்ப் பிடிக்கலாமா?"

"எதுக்கு? பெட்டி இன்னும் படகுல. அது எங்க இருக்குன்னு நாம கண்டுபிடிச்சுட்டோம்னு அவருக்கும் தெரிஞ்சு போச்சு. அவரே வருவார். வாளியை எடுத்துக்க."

பன்னிரண்டு நாற்பதுக்குத் துறைமுகத்தில் நின்றோம். நானும் ட்ரைனும் நீன்கேயும் மீன் கடைத் தார்ப்பாய்க்குக் கீழே. அவளிடம் விஷயத்தைச் சொல்லியிருந்தோம். நம்பவில்லை. "என் சார் எறும்பைக்கூட மிதிக்க மாட்டார்," என்றாள். எறும்பிடம் நீலப் பெட்டி இல்லையே என்றேன்.

ரைகர் வந்து கட்டையில் முட்டியது. கயிறு விழுந்தது. ஏறுபலகை இறங்கியது.

எங்களுக்கு முன்னால், காலரைத் தூக்கிவிட்ட ஒரு மழைக்கோட்டு விரைந்து போனது. ஏறுபலகையில் ஒரு காலை வைத்தது. படகு அலையில் ஒரு சாண் மேலே போய் ஒரு சாண் கீழே வந்தது. கோட்டு நின்றது. பின்னால் ஒரு அடி வந்தது. மறுபடி முயன்றது. இந்த முறை கைப்பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு. கட்டிப்போட்ட படகுதான். தண்ணீரும் ஆளுயரம்கூட இருக்காது.

மேலே சமையலறைக் கதவு திறந்தது. பச்சைக் கோட்டு போட்ட, அகலத் தோளுள்ள ஒரு பெண், கையிடுக்கில் நீலப் பெட்டியோடு வந்து நின்றாள்.

"யோவ் வாளிக்காரரே!" என்றாள். துறைமுகம் முழுக்கக் கேட்டது. "வெறுங்கையோடயா வந்தீரு? என் வாளி எங்கய்யா?"

"இங்க இருக்கும்மா!" என்று நான் தூக்கிக் காட்டினேன்.

பேராசிரியர் ஹில்கெமா கண்ணைத் திறந்தார். எங்களைப் பார்த்தார். வாளியைப் பார்த்தார். பிறகு, எனக்கு இது மறக்காது, கையை நீட்டி அதைக் கேட்டார். கொடுத்தேன். அவருக்கு அது அவசரமாகத் தேவைப்பட்டது.

மீன் கடைப் பெஞ்சில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தோம்.

"எரிச்சிருக்கலாமே சார்," என்றார் ட்ரைன். "வீட்டுல அடுப்பு இருக்குமே."

"எரிக்கிறதா?" அவர் உண்மையிலேயே அதிர்ந்துபோனார். "ஆறு வருஷத் தரவும்மா அது. ஒரு அட்டையைக்கூட எரிக்க மனசு வருமா? தீவுல வெச்சிருந்து, விழா முடிஞ்சதும் எங்கேயாவது கிடைச்ச மாதிரி... படகு ஆடினதும் பெட்டியை மூட்டைக்குப் பின்னால தள்ளிட்டு இறங்கிட்டேன்."

"காலையில பலகையில உங்களைப் பத்தித்தான் எழுதியிருந்தது. நீங்களும்தான் உக்காந்து நோட்டுல எடுத்தீங்க."

"ஆமா." நெற்றியைத் தடவினார். "மூணாவதுல 'ஆனா' வந்த இடம் அப்படி. நான் வேற எதையும் கவனிக்கலை."

நீன்கே பெட்டியைத் திறந்து அட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். "ஏன் சார்? நீங்க எனக்காகத்தானே பிர்க்கெல்கிட்ட சண்டை போட்டீங்க?"

ஏல்கே அம்மா மூக்கை உறிஞ்சினாள். "ஏம் பொண்ணே, அட்டையை எண்ணுறியே, திருப்பிப் பாத்திருக்கியா?"

"பின்பக்கம் வாக்கியம் இல்லையே."

"நான் எழுதினது வாக்கியம் இல்லையா?"

நீன்கே ஒரு அட்டையைத் திருப்பினாள். முன்பக்கம் ஹில்கெமாவின் புகழ்பெற்ற புத்தகத்திலிருந்து ஒரு வாக்கியம். அதற்கு ஏல்கே அம்மா தப்பு போட்டிருந்தாள். பின்பக்கம் பென்சிலில்: 'எங்கம்மா காலத்துலயும் இப்படி யாரும் பேசலை. இதை எழுதின ஆளு தீவுக்கே வந்ததில்லை.' இன்னொன்றைத் திருப்பினாள். 'இதுவும் அதே ஆளுதான். கரையில உக்காந்து எழுதுறான்.' இன்னொன்று. 'மறுபடியுமா?' நூற்றுத் தொண்ணூறு அட்டை அப்படி.

அவள் முகம் வெளுத்துப்போனது. "என் நாலாவது அத்தியாயம்," என்றாள். "முப்பது வருஷத்துல தீவு மொழி எப்படி மாறியிருக்குன்னு எழுதியிருக்கேன். மொழி மாறவே இல்லையா?"

"மொழி அப்படியேதான் இருக்கு," என்றார் ட்ரைன். "இவர்தான் போகலை."

ஹில்கெமா தலையைக் குனிந்தார். "அந்தக் காலத்துல ரெண்டு தடவை ஏறினேன். ரெண்டு தடவையும் கட்டையை விட்டுப் படகு நகர்றதுக்குள்ள இறங்கிட்டேன். பதிப்பாளர் அவசரப்படுத்தினார். சமையல்கட்டுல உக்காந்து எழுதினேன். நல்ல வாக்கியங்கம்மா. ஒண்ணுகூடத் தவறில்லை. அப்படிப் பேசியிருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும்." பிறகு நிமிர்ந்தார். குரலில் பேராசிரியர் திரும்பி வந்திருந்தார். "ஆனா ஒண்ணு யோசிச்சுக்க நீன்கே. நெறியாளர் இல்லாம விழா கிடையாது. என்னைப் போலீஸ்ல குடுத்தா அடுத்த தேதி இலையுதிர் காலத்துக்கு. உன் ட்ரொம்ஸோ போயிடும். பெட்டி கிடைச்சாச்சு. யாரும் எதையும் திருப்பிப் பாக்க வேண்டாம். அட்டையை முன்பக்கமா மேஜையில வை. சரி, தப்பு, கையெழுத்து, எல்லாம் இருக்கு. பட்டம் வாங்கு."

மணி ஒன்று பத்து.

நீன்கே பெட்டியை மூடினாள். "அங்கியை மாட்டிக்கிட்டு வாங்க சார்," என்றாள். "ரெண்டு மணிக்கு."

அவர் பெருமூச்சு விட்டார். ஏறக்குறைய சிரித்தார். எழுந்து, எங்கள் எல்லோருக்கும் தலையசைத்துவிட்டு, மழையில் நடந்து போனார்.

"அவ்வளவுதானா?" என்றேன். "விட்டுட்டியா?"

"மேடம்," என்றாள் நீன்கே ட்ரைனிடம், என்னைச் சட்டை செய்யாமல். "முதல் கேள்வி பிர்க்கெல் கேக்கணும், முறைப்படி. அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல முடியுமா? மன்னிப்பும் கேட்டுடலாம், வாளி விஷயத்துக்கு."

"என்ன கேக்கச் சொல்ல?"

"நாலாவது அத்தியாயத்தை எடுத்துக்கச் சொல்லுங்க."

"அது போனா உனக்குப் பட்டம் கிடைக்குமா?"

"தெரியலை," என்றாள். "மிச்சம் ஆறு அத்தியாயம் இருக்கு. அதெல்லாம் ஏல்கே அம்மா பேசினது. அது நின்னா நான் நிப்பேன்."

இரண்டு அடிக்க மூன்று நிமிஷம் இருந்தபோது மண்டபத்தில் கூட்டம் எழுந்து நின்றது. நானும் ட்ரைனும் வாசலுக்கு வெளியே தூணோரம் நின்றோம். மணிகள் கட்டிய வெள்ளிக்கோலைத் தரையில் தட்டித் தட்டி விழாக் கோல்காரர் முன்னால் வர, கறுப்பு அங்கிகள் வரிசையாகப் பின்னால் வந்தன. ஐரா எங்களைப் பார்த்துக் கையசைத்தார். பிர்க்கெல் நெஞ்சை நிமிர்த்தியிருந்தார். கையில் ஒரு துண்டுச் சீட்டு. அதில் ஒரே ஒரு கேள்வி, வினையோடு சேர்த்து மொத்தம் ஐந்து சொல். ட்ரைன் எழுதிக் கொடுத்தது.

கடைசியாக ஹில்கெமா. நெறியாளருக்கு அதுதான் இடம். நிலைப்படியில் கால் வைத்தவர் உள்ளே பார்த்தார்.

மேஜையின் பின்னால் நீன்கே நின்றுகொண்டிருந்தாள். முன்வரிசையில் பச்சைக் கோட்டில் ஏல்கே அம்மா, தோளை நிமிர்த்தி, கையை மடியில் கோத்து. மேஜை நிறைய, ஒரு விரல் இடைவெளிகூட இல்லாமல், அட்டைகள். நூற்றுத் தொண்ணூறும் பின்பக்கம் மேலே இருக்க.

ஹில்கெமா திரும்பினார். என் முகத்தைத்தான் முதலில் பார்த்தார். பச்சை ஏறிக்கொண்டிருந்தது அவருக்கு.

"எனக்குக் கொஞ்சம் வயிறு..." என்றார் கோல்காரரிடம்.

கோல்காரருக்கு எழுபது வயதிருக்கும். இப்படிப்பட்ட முகங்களை நிறையப் பார்த்தவர். வழக்கமாக அவை தேர்வுக்கு வரும் மாணவர்களுடையவை.

"பதட்டம்தான் ஐயா, எல்லாருக்கும் வரும்," என்றார் அன்பாக. முழங்கையைப் பிடித்து உள்ளே அனுப்பினார். "நாற்பத்தஞ்சே நிமிஷம். அதுவரைக்கும் யாரும் வரக் கூடாது, யாரும் போகக் கூடாது."

இரட்டைக் கதவை இழுத்துச் சாத்தினார். இடுப்பிலிருந்து சாவியை எடுத்து, உள்ளே இரண்டு மணி அடிக்க அடிக்க, இரண்டு சுற்று சுற்றிப் பூட்டினார்.